கைகாட்டியைத் திருப்பியது யார்?

அந்தச் சீமை தட்டை. தட்டையென்றால் சும்மா தட்டை இல்லை, இஸ்திரி போட்டு விரித்துவிட்டு மடிக்க மறந்துபோன தட்டை! நாளை மறுநாள் வரப்போகும் விருந்தாளியை இன்றைக்கே பார்த்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடிவிடலாம். நடுநடுவே உயரமான மரவரிசைகளும் ஆள் மறையும் சோளமும் மட்டும் இல்லாவிட்டால், உலகத்தின் மறுமுனையே தெரிந்திருக்கும்.

அந்தத் தட்டைக்கு நடுவே முந்நூறு வருடப் பழைய கால்வாய் ஒன்று ஓடியது. அந்தக் காலத்தில் குதிரைகள் கரையில் நடந்து படகுகளை இழுத்துப் போகுமாம். பாலத்துக் கல்லில் கயிறு உரசி உரசி விரல் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது. இப்போது குதிரைப் பாதையில் சைக்கிள்கள்தான் போகின்றன.

அன்று காலை மூன்று பேர் போனார்கள். அப்பா, பத்து வயது துப்பு, அப்பாவின் சைக்கிளில் முன்னால் உட்கார்ந்த அவளுடைய தம்பி குண்டூசி.

துப்பு என்பது பட்டப்பெயர். எதைப் பார்த்தாலும் சந்தேகப்படுவாள். தபால்காரர் இரண்டு முறை மணியடித்தால், "ஏன் ரெண்டு தடவை?" என்று யோசிப்பாள். பூனை கண்ணை மூடினால், தூங்குவதுபோல் நடிக்கிறது என்பாள்.

அப்பாவுக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. எது உடையும், எது எரியும், எது மூழ்கும் என்று பதினைந்து வருடம் படிவம் நிரப்பியவர். அதனால் இரண்டு நாள் பயணத்துக்கு இரண்டு கூடாரம், அடுப்பு, மடக்கு நாற்காலி, சுத்தியல், நாலு குடை, ஒரு வாளி எல்லாம் எடுத்துக்கொண்டார். சைக்கிளுக்கு 'யானை' என்று பெயர் வந்ததில் வியப்பில்லை. யானை நின்றால் அதற்கு முட்டுக்கொடுக்க ஏதாவது வேண்டும். அதை நிறுத்தும் தாங்கி முந்தின நாளே உடைந்துபோயிருந்தது.

அம்மாவுக்கு ரொட்டி அடுமனையில் வேலை. காலை ரொட்டியெல்லாம் அடுப்பிலிருந்து இறங்கிய பிறகுதான் கிளம்ப முடியும். "கைகாட்டியைப் பார்த்துட்டே நான் தனியா வந்துடறேன். மூணு மணிக்குப் பெரிய மதகுல சந்திப்போம்," என்று சொல்லியிருந்தாள். அம்மாவுக்குத் திசை தெரியாது. சொந்தத் தெருவிலேயே கைகாட்டி வைத்தால் நன்றாயிருக்கும் என்பவள்.

பத்து மணிக்கு முதல் கைகாட்டி வந்தது. பச்சைக் கம்பத்தில் வழி காட்டும் மூன்று பலகைகள். அப்பா யானையைக் கம்பத்தில் சாய்த்தார். தண்ணீர் குடித்தார்கள். கிளம்பினார்கள்.

துப்பின் சைக்கிளில் வட்டக் கண்ணாடி ஒன்று உண்டு. பின்னால் வருவதைப் பார்க்க. அதில் பார்த்தவள் அப்படியே பிரேக் பிடித்தாள்.

மஞ்சள் தொப்பி போட்ட ஒருவர் கைகாட்டிக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சைப் பிடித்து ஒரு திருப்பு. பலகைகள் மூன்றும் சுற்றின.

"அப்பா! ஒருத்தர் கைகாட்டியைத் திருப்பறாரு!"

"உனக்கு வேற வேலையே இல்லையா?" என்றார் அப்பா.

பதினொன்றரைக்கு இரண்டாவது கைகாட்டி. யானை சாய்ந்தது, எல்லோரும் பிஸ்கட் தின்றார்கள், கிளம்பினார்கள். கண்ணாடியில் மறுபடியும் மஞ்சள் தொப்பி! மறுபடியும் ஒரு கட்டிப்பிடி, ஒரு திருப்பு!

துப்பு கணக்குப் போட்டாள். வழி தெரியாதவர்களை வேண்டுமென்றே திசை மாற்றிவிடுகிற ஆள். எதற்கு? கொள்ளையடிக்கவா? கடத்தவா? சும்மா வேடிக்கைக்கா? மூன்றுமே பயங்கரம்தான்.

பாலத்தடியில் ஒரு தேநீர்க் கடை. மூவரும் உட்கார்ந்திருக்க, மஞ்சள் தொப்பிக்காரரே வந்து பக்கத்து பெஞ்சில் அமர்ந்தார். சைக்கிளைக் கடைக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார். அப்பாவை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் கண்கள் பொத்தான் துளை அளவுக்குச் சுருங்கின.

"எதுவரைக்கும் போறீங்க சார்?"

"பெரிய மதகு வரைக்கும்."

"வழியில இன்னும் எங்கெல்லாம் நிப்பீங்க?"

"கைகாட்டி வந்தா நிப்போம்."

"ஓஹோ," என்றார் மஞ்சள் தொப்பி. அந்த ஓஹோ அரை மைல் நீளம் இருந்தது.

துப்பு தம்பியின் காதைப் பிடித்து இழுத்தாள். "பார்த்தியா? நம்ம திட்டத்தையெல்லாம் விசாரிக்கறாரு."

"எனக்கு இன்னொரு பிஸ்கட்," என்றான் குண்டூசி. உளவு வேலைக்கு அவன் லாயக்கே இல்லை.

அம்மா பின்னால் வருகிறாள். தனியாக வருகிறாள். கைகாட்டியை மட்டும் நம்பி வருகிறாள். இதை நினைத்ததும் துப்பு மெல்ல எழுந்து கடைக்குப் பின்னால் போனாள். மஞ்சள் தொப்பிக்காரரின் சைக்கிள் தனியாக நின்றது. புஸ்ஸ்... ஒரு சக்கரம். புஸ்ஸ்... இன்னொரு சக்கரம். காற்று போன பிறகும் அவளுக்குத் திருப்தியில்லை. பம்ப் இருந்தால் அடித்துவிடுவாரே! இரண்டு வால்வுகளையும் கழற்றிப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டாள்.

ஒரு மணிக்கு மூன்றாவது கைகாட்டி. அங்கேதான் பழைய கிளைக்கால்வாய் ஒன்று பிரிந்தது. யானை சாய்ந்தது. அப்பா மடக்கு நாற்காலி போட்டு அரை மணி நேரம் குறட்டையும் விட்டார். பிறகு கிளம்பினார்கள். துப்பு கண்ணாடியைப் பார்த்தாள். யாருமில்லை!

உலகத்தையே காப்பாற்றிய களைப்போடு பெரிய மதகு வரை மிதித்தாள்.

பெரிய மதகு என்பது கால்வாயின் படிக்கட்டு. படகு உள்ளே வந்ததும் கதவைச் சாத்தித் தண்ணீரை நிரப்புவார்கள், படகு தானாக மேலே ஏறிவிடும். அதைப் பார்த்துக்கொள்பவர் உருண்டு திரண்ட ஓர் அக்கா. இரும்புக் கதவை ஒரு கையால் தள்ளிக்கொண்டே மறு கையால் காது குடைவார்.

மூன்று மணி ஆயிற்று. அம்மா வரவில்லை. மூன்றரை. நான்கு. அப்பா நகத்தைக் கடித்தார்.

"போன் போடுங்கப்பா."

போட்டார். டிங் டிங் டிங் என்று மணி கேட்டது. எங்கே? அப்பாவின் பையிலேயே!

"ஐயையோ," என்றார் அப்பா. "காலையில மேஜை மேல இருந்ததையெல்லாம் அள்ளிப் போட்டேன். உங்கம்மா போனும் வந்துடுச்சு."

துப்பு வந்த வழியை எட்டி எட்டிப் பார்த்தாள். ராத்திரியெல்லாம் மாவு பிசைந்த அம்மா. போன் இல்லை. திசை தெரியாது. சாயங்காலம் ஆகப்போகிறது.

அப்போது கரைப்பாதையில் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். மஞ்சள் தொப்பி! வேர்வையில் குளித்திருந்தார்.

"மதகக்கா!" என்று மூச்சு வாங்கினார். "இன்னைக்கு மட்டும் மூணு கைகாட்டி திரும்பியிருக்கு! ரெண்டை உடனே நேராக்கிட்டேன். மூணாவதுக்குப் போறதுக்குள்ள எந்தப் புண்ணியவானோ என் வால்வைக் கழட்டிட்டான். நடந்தே வந்தேன். மூணரை மணிக்குத்தான் அதை நேராக்க முடிஞ்சுது." பிறகு அப்பாவை நோக்கி விரலை நீட்டினார். "இந்த சார் எங்கெல்லாம் நின்னாரோ, அங்கெல்லாம் திரும்பியிருக்கு!"

"நானா?" அப்பா துள்ளினார். "நான் எதுக்குய்யா கைகாட்டியைத் திருப்பறேன்?"

"நீங்கதான் திருப்பினீங்க!" துப்பு குறுக்கே பாய்ந்தாள். "கண்ணாடியில நானே பார்த்தேன்!"

"நான் நேராக்கினேன் பாப்பா! கைகாட்டி பார்த்துக்கறதுதான் என் வேலையே! போன மாசம்தான் இதெல்லாம் நட்டோம். அடியில ரெண்டு போல்ட் போடணும், ஒண்ணுதான் வந்திருக்கு. யாரோ அதைச் சாக்கா வச்சு விளையாடறாங்க."

துப்பு கண்ணாடியில் பார்த்ததை மறுபடி நினைத்துப் பார்த்தாள். அவர் திருப்பியதைப் பார்த்தாள். ஆனால் திருப்புவதற்கு முன்னால் பலகைகள் எந்தப் பக்கம் பார்த்தன? அதைப் பார்க்கவேயில்லையே!

அவள் கண் மெல்ல யானையின் பக்கம் போனது. யானையின் பின்பையில் ஒரு கோடு. பச்சைப் பெயிண்ட் கோடு.

மதகு ஓரத்திலும் ஒரு கைகாட்டி இருந்தது.

"அப்பா, எப்பவும் சாய்க்கிற மாதிரி யானையை அதுல சாய்ங்க."

"இப்ப எதுக்கும்மா?"

"சாய்ங்கப்பா."

அப்பா சாய்த்தார். க்ரீஈஈச் என்று ஒரு சத்தம். கம்பம் மெல்ல மெல்ல, கழுத்து வலிக்காரர் திரும்புவதுபோல், திரும்பியது. பலகைகள் கால்வட்டம் சுற்றி நின்றன. 'பெரிய மதகு' என்ற பலகை இப்போது ஒரு மாட்டைக் காட்டியது.

மதகக்கா காது குடைவதை நிறுத்தினார்.

"அடப்பாவமே!" என்று அப்பா வாளியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

சிரிக்கலாம்தான். துப்புக்குச் சிரிப்பு வரவில்லை. பாவாடைப் பைக்குள் இரண்டு வால்வும் நெருப்புத் துண்டுபோல் சுட்டன. அவள் அவற்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"மாமா, கழட்டினது நான்தான். உங்களைக் கெட்ட ஆள்னு நெனச்சேன்."

மஞ்சள் தொப்பிக்காரர் வால்வைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் உதடு நடுங்குவதையும் பார்த்தார்.

"நான் உங்கப்பாவைக் கெட்ட ஆள்னு நெனச்சேன்," என்றார். "சரிக்குச் சரியாப் போச்சு. அழாதே."

"அழலை. எங்கம்மா இன்னும் வரலை. மாமா, வழியில சைக்கிள்ல ஒரு அம்மா..."

"சட்டையெல்லாம் மாவா?"

"ஆமா!"

"ரெண்டு மணி இருக்கும். நான் தள்ளிட்டு வரும்போது மணியடிச்சுட்டு என்னைத் தாண்டிப் போனாங்க."

துப்பு கண்ணை மூடிக்கொண்டாள். அழுவதற்கு அல்ல, யோசிப்பதற்கு. இரண்டு மணிக்கு அம்மா அவரைத் தாண்டினாள். மூன்றாவது கைகாட்டி மூன்றரைக்குத்தான் நேரானது. அப்படியானால் அம்மா பார்த்தது திரும்பிய கைகாட்டியை!

"அந்தப் பலகை எந்தப் பக்கம் காட்டிட்டு இருந்துது மாமா?"

"பழைய கிளைக்கால்வாய்ப் பக்கம். அந்தப் பாதை முட்டுச்சந்து பாப்பா. கடைசியில ஒரு இடிஞ்ச கிடங்குதான் இருக்கு."

"அம்மா அங்கதான் இருக்கா."

குண்டூசியையும் யானையின் மூட்டைகளையும் மதகக்காவிடம் ஒப்படைத்தார்கள். வால்வு மாட்டி, பம்ப் அடித்து, மூவரும் பறந்தார்கள். மூட்டை இறங்கிய யானை மான்குட்டிபோல் ஓடியது. அப்பாவுக்கே அது புது அனுபவம்.

கிளைக்கால்வாய் முழுக்கப் பச்சைப் பாசி. அதன் முடிவில் பாழடைந்த படகுக் கிடங்கு. கிடங்கு வாசலில் சங்கிலி அறுந்த ஒரு சைக்கிள். சைக்கிளுக்குப் பின்னால், இரண்டு கையாலும் ஓங்கிப் பிடித்த ஒரு நீள ரொட்டியோடு... அம்மா!

முதலில் வந்தது மஞ்சள் தொப்பிதான்.

"கிட்ட வராதே!" அம்மா கத்தினாள். "கைகாட்டியைத் திருப்பி ஆளைக் கூட்டிட்டு வந்து மடக்கற கும்பலா நீ? இது நேத்துச் சுட்ட ரொட்டி! மண்டை உடைஞ்சிடும்!"

"அம்மா!" துப்பு சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். மாவு வாசனை. "அவரு நல்லவரும்மா. அடிக்காதே."

"அப்ப யாருதான் கைகாட்டியைத் திருப்பினது? அந்த ஆள் மட்டும் என் கையில கிடைக்கட்டும், மாவா பிசைஞ்சு அடுப்புல வச்சுடறேன்!"

அப்பா வானத்தில் ஏதோ பறவையைத் தேட ஆரம்பித்தார். அன்று அங்கே பறவையே இல்லை. மஞ்சள் தொப்பிக்காரர் பெருந்தன்மையோடு தன் ஷூவைப் பார்த்துக்கொண்டார்.

துப்பு நிமிர்ந்து நின்றாள். "யானைம்மா. அது சாய்ஞ்சப்போ கைகாட்டி தானா திரும்பிடுச்சு. அதைச் சரிபண்ண இந்த மாமா வந்தாரு. நான் சந்தேகப்பட்டு அவரை வரவிடாம பண்ணிட்டேன். பாதி அப்பா, பாதி நான்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். துப்பைப் பார்த்தாள். ரொட்டியை மெல்ல இறக்கினாள்.

"ரெண்டு பேரையும் பிசையறதுன்னா பெரிய தொட்டி வேணும்," என்றாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மஞ்சள் தொப்பிக்காரர் அறுந்த சங்கிலியைக் கோத்துக் கொடுத்தார். துப்பு அவருக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தாள், எண்ணெய் துடைத்துக் கொடுத்தாள், கேட்காததையும் எடுத்துக் கொடுத்தாள். நால்வரும் திரும்பினார்கள்.

மூன்றாவது கைகாட்டியருகே அம்மாவுக்குப் பசித்தது. "இங்கயே உட்கார்ந்து சாப்பிடலாமா?" என்றாள். அடுத்த நொடி நான்கு சைக்கிளும் புல்லில் படுத்துக்கொண்டன. அப்பா யானையைத் தூங்கும் குழந்தையைப்போல் அவ்வளவு மெதுவாகப் படுக்கவைத்தார்.

துப்பு ரொட்டியின் பெரிய துண்டை மஞ்சள் தொப்பிக்காரருக்குக் கொடுத்தாள். அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, ஒரு கையில் ரொட்டியைப் பிடித்துக் கடித்தபடி, மறுகையால் கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி, யானையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கடைசித் துணுக்கு வரைக்கும் சாப்பிட்டு முடித்தார்.