விருந்தினர் விடைபெறலாம்

"உங்கள் கருத்துக்கு நன்றி" என்றது வீடு.

நறுமுகைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டைக் குளிர்விக்கும் குளிரி நின்று வெகுநேரமாகிவிட்டது. சரிசெய், கதவைத் திற, தட்டியைத் தூக்கு என்று தொண்டை வறளக் கத்தியும் இதே பதில்தான். வெளியே திருச்சி வெயில் எல்லை மீறியதால் வெயிற்பூட்டு விழுந்திருந்தது. சன்னல்களை எஃகுத் தட்டிகள் மூடியிருந்தன. வாசலில் இரட்டைக் கதவு இறுகியிருந்தது. உள்ளே குளிரி ஓடும்வரைதான் அது பாதுகாப்பு. நின்றுபோனால் வீடு இட்லிப் பானைதான்.

கட்டிலில் அப்பா தினகரன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். வியர்வை நின்று தோல் காய்ந்திருந்தது. அது நல்லதற்கில்லை என்று அவளுக்குத் தெரியும்.

எல்லா வீடுகளையும் போல இதையும் இல்லமேலாளிதான் நடத்தியது. ஒரு காலத்தில் அலுவலகங்களில் யாருக்கு என்ன வேலை என்று கண்காணித்த மென்பொருள் அது. அலுவலகங்களை ஒரு வழி பண்ணிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தது. பால் வாங்குவதும் கதவு திறப்பதும் அதற்கு ஒரு 'பணி'. உரிமையர் ஆணையிடுவார், உறுப்பினர் செய்வார், விருந்தினர் பார்த்துக்கொண்டிருப்பார்.

நறுமுகை விருந்தினர். கல்யாணத்தன்று அப்பாவே அப்படி மாற்றினார். "இனிமே இந்த வீட்டுல உனக்கு ஒரு வேலையும் வரக் கூடாதும்மா, மகாராணி மாதிரி உக்காரணும்" என்று கண் கலங்கினார். அவளும் அன்றைக்குச் சந்தோஷப்பட்டாள். புத்தி அவ்வளவுதான்.

உரிமையர் இப்போது அண்ணன் இளம்பரிதி. அவன் எங்கேயோ கடலுக்கு மேல் பறந்துகொண்டிருந்தான். கைப்பேசி அணைந்திருந்தது.

"அப்பா, நீங்க ஒரு தடவை சொல்லிப் பாருங்க. நீங்க உறுப்பினர்தானே?"

"உறுப்பினரா? கட்டினவனே நான்தான். உங்க அண்ணன் சும்மா பேருக்குத்தான்" என்றார் தினகரன். தலையைத் தூக்கி, "ஏய், கதவைத் திற!" என்றார்.

"உங்கள் கருத்துக்கு நன்றி" என்றது வீடு.

"பாத்தியா? கொஞ்ச நாளா எது சொன்னாலும் எனக்கு நன்றி சொல்லுது. மரியாதை தெரிஞ்ச மெஷின்."

கதவு அசையவில்லை.

அவள் அழைத்திருந்த அவசர ஊர்தி வாசலுக்கு வந்துவிட்டது. பணியாளர் ஒருவரின் குரல் ஒலிப்பெட்டியில் கேட்டது. "மேடம், எஃகு கதவு, அறுக்கத்தான் வேணும். மெஷின் கொண்டாரச் சொல்லியிருக்கோம், நேரமாகும். பெரியவருக்கு அவ்வளவு நேரம் தாங்குமா?"

நறுமுகை கைப்பேசியில் உதவிப் பக்கத்தைத் திறந்து 'விருந்தினர்' என்று தேடினாள். விருந்தினர் எல்லாவற்றையும் பார்க்கலாம். கருத்துச் சொல்லலாம். பணியைத் தொடங்கவோ முடிக்கவோ கூடாது, பிறரை உள்ளே அழைக்கக் கூடாது. ஆனால் யாரையும் பிடித்து வைப்பது குற்றமென்பதால், விருந்தினர் எந்த நேரத்திலும், வெயிற்பூட்டின்போதும், விடைபெறலாம். கதவு அவருக்கு மட்டும் திறக்கும்.

ஆக, அவள் போகலாம். ஒரு கதவு மூடினால்தான் மற்றது திறக்கும் என்பதால் ஊர்திக்காரர்கள் உள்ளே வர முடியாது. அப்பாவை வேக விட்டுவிட்டு அவள் மட்டும் நிழலில் நிற்கலாம். அவளுக்கு அழுகை முட்டியது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வரியைப் படித்தாள். விருந்தினரின் சொற்கள் மட்டுமே கருத்தாகப் பதிவாகும்; உறுப்பினர் சொன்னால் அது பணி.

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். கருத்துக்கு நன்றி. கொஞ்ச நாளாக.

"அப்பா," என்று கட்டிலருகே உட்கார்ந்தாள். "அண்ணன் உங்க பதிவுல ஏதாவது மாத்தினானா?"

"அவன் நல்லதுக்குத்தான் சொன்னான். உங்களுக்கு இனிமே ஒரு வேலையும் வரக் கூடாதுப்பா, ராஜா மாதிரி உக்காருங்கன்னான்."

சொல்லி முடித்ததும் அவருக்கே புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். அந்தக் கூரைக்குக் கம்பி கட்டியபோது பக்கத்தில் நின்று வேலையாட்களைத் திட்டியவர் அவர்.

"நானுமா?"

"நீங்களும்தான். ரெண்டு பேரும் சேர்ந்து போயிடலாம்ப்பா. ஆனா நீங்களே உங்க வாயால சொல்லணும். விருந்தினர் தினகரன், விடைபெறுகிறேன்னு."

"சொல்ல மாட்டேன்."

"அப்பா..."

"என் வீட்டுல நின்னு நான் விருந்தாளின்னு சொல்லணுமா? செத்தாலும் இங்கயே சாவேன், நீ போ."

"போக மாட்டேன்" என்றாள் அவள். "நீங்க சொல்லாட்டி நானும் இங்கதான். கல்யாணத்தன்னிக்கு என்னை விருந்தாளியா மாத்தினீங்களே, நான் ஏதாவது சொன்னேனா? வாயை மூடிக்கிட்டுப் போனேன்ல?"

அவர் அவளையே பார்த்தார். அவள் முகமும் சிவந்து, உதடு வெடித்திருந்தது. அதைப் பார்த்தபின் பிடிவாதம் நிற்கவில்லை.

"விருந்தினர் தினகரன்" என்றார், யாரோ ஒருவரை அறிமுகப்படுத்துவதுபோல். "விடைபெறுகிறேன்."

கதவு உடனே திறந்தது. அவரைத் தோளில் தாங்கிக்கொண்டு நறுமுகையும் அதையே சொன்னாள். வெளியே ஊர்திக்காரர்கள் அவரை வாங்கிக் கிடத்தி, ஈரத்துணி போர்த்தி, ஊசி குத்தினார்கள். பின்னால் கதவு மூடிக்கொண்டது.

"வருகைக்கு நன்றி, விருந்தினர் தினகரன்" என்றது வீடு. "இங்கே தங்கியது எப்படி இருந்தது?"

"தண்ணிகூடக் கொடுக்கலைன்னு சொல்லும்மா" என்றார் தினகரன்.

மருத்துவமனையில் அவர் கண்ணயர்ந்தபோது இளம்பரிதி அழைத்தான். விஷயத்தைக் கேட்டுப் பதறினான், அழுதான், மன்னிப்புக் கேட்டான். அவள் திட்ட நினைத்திருந்தாள், முடியவில்லை.

"நீ எங்கண்ணா இருக்கே?"

"ஹைதராபாத் வீட்டுக்கு வந்துட்டேன். உடனே கிளம்பி வரேன், இந்தக் கதவுதான் என்னமோ இன்னும் திறக்கலை. என் பையன் இப்ப இந்த வீட்டோட எல்லாப் பொறுப்பையும் அவனே எடுத்துக்கிட்டான் பாப்பா, எனக்கு ஒரு வேலையும் கிடையாது. இல்லமேலாளிகூட என்ன சொன்னாலும் நன்றி சொல்லுது, அவ்வளவு மரியாதை."

நறுமுகை கண்ணை மூடிக்கொண்டாள்.

"அண்ணா," என்றாள், "கதவுக்கிட்ட போய் நில்லு. நான் சொல்றதை அப்படியே திருப்பிச் சொல்லு."