நெல்கின் தலைக்கு மேல் ஒரு சிலுவை

தான் வரையச் சொன்ன படம் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் விதவை கொடெலீவ் மாவு ஒட்டிய கையோடு தேவாலயத்துக்கு ஓடினாள். பலகையில் மாதா. காலடியில் முழந்தாளிட்டபடி அவள், மகன் பாவெல்ஸ், மகள் நெல்கின்.

"உங்க மூக்கைக் கொஞ்சம் சின்னதாக்கிட்டேன். மாதாகிட்ட சொல்லிக்குடுத்துடாதீங்க" என்றார் ஓவியர் ரோலாந்து.

அவள் சிரிக்கவில்லை. நெல்கினின் தலைக்கு மேல் சின்னதாய்ச் சிவப்புச் சிலுவை.

"இதைப் போட்டே ஆகணுமா?"

"செத்தவங்களுக்குப் போடாம எப்படிம்மா? அப்புறம் யாருக்குன்னு வேண்டுவாங்க?"

கோடையில் கொள்ளைநோய் கொண்டுபோன பெண். படத்தில் மூச்சு விடுவதுபோல் இருந்தாள்.

அவர் போனதும் கொடெலீவ் சிலுவையை நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

மெழுகு வாசனைக்கு நடுவே ஈரமண் வாடை வந்தது.

வீட்டில் பாவெல்ஸ் சுவரோடு ஒட்டிப் படுத்திருந்தான். கட்டிலில் பாதி காலி.

"ஏண்டா ஒடுங்கிக் கிடக்கே?"

"அக்காவுக்கு இடம் வேணாமா?"

போர்வையை விலக்கினாள். யாருமில்லை. விரிப்பு சில்லிட்டிருந்தது.

பிள்ளையின் உடம்பும்.

நாளுக்கு நாள் அவன் குளிர்ந்தான். அடுப்பருகே வைத்தாலும் பல் கிட்டியது. உதடு நீலம் பாரித்தது.

"கையை விடச் சொல்லும்மா. வலிக்குது."

கொடெலீவ் காலியிடத்தின் முன் மண்டியிட்டாள். "கண்ணு, தம்பியை விட்டுடுடி. வேணும்னா என்னைப் பிடிச்சுக்க."

பிள்ளையின் கை இன்னும் சில்லிட்டிருக்க, அவளுக்குச் சுரண்டிய சிலுவை நினைவுக்கு வந்தது.

ரோலாந்தை இழுத்துக்கொண்டு தேவாலயத்துக்கு ஓடினாள். அவர் தூரிகையைத் தோய்த்ததும் பிடுங்கிக்கொண்டாள்.

"அழிச்சது நான். நான்தான் போடணும்."

நெல்கினை அடக்கம் செய்த அன்று குழியருகே எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். அவளுக்குக் கை வரவில்லை. இன்று அதே முகத்துக்கு மேல் அந்தச் சிலுவையை வரைந்தாள்.

வீடு திரும்பியபோது பாவெல்ஸின் கன்னம் வெதுவெதுப்பாக இருந்தது. அவனைக் கட்டிக்கொண்டு அழுதபடியே உறங்கிப்போனாள்.

விடிந்தபோது அவளுடைய தலையணைக்குப் பக்கத்தில் சின்னத் தலை அழுந்திய பள்ளம்.

அதில் சிவப்பு வண்ணத் துகள்கள்.

பாவெல்ஸ் கண் விழித்தான். "அக்கா ராத்திரி பூரா அழுதாம்மா. இனி என் பக்கத்துல படுக்க மாட்டாளாம்."

"பின்னே?"

"நீதானே கூப்பிட்டே?"

போர்வைக்குள், அவள் விரல்களின் இடுக்கில், குளிர்ந்த சின்ன விரல்கள் நுழைந்தன.

கொடெலீவ் கையை விலக்கவில்லை.