அசையாத முள்ளும் ஒரு பருப்பு வடையும்

தட்டிலிருந்த கடைசிப் பருப்பு வடை எங்கே என்று சாரதாமணி கேட்டுக்கொண்டிருந்தபோது, பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அனுசுயா மூச்சிரைக்க உள்ளே வந்தாள். முனீஸுக்கு உயிர் வந்தது. "பூனைதான்க்கா" என்று முடித்துவிட்டு, புத்தம்புது வெள்ளை பனியனை இழுத்துவிட்டுக்கொண்டு துப்பறியத் தயாரானான்.

வேலம்பாளையத்து பனியன் கம்பெனிகளில் எந்தச் சிக்கலும் சாரதாமணியிடம்தான் வரும். முனீஸ் அவளுக்கு வலது கை. அதை அவளிடம் மட்டும் அவன் சொன்னதில்லை.

அனுசுயா செய்திருந்தது பொத்தான் அளவு உணரி. தலைமுடியைவிட மெல்லிய இருவகைக் குறைக்கடத்திப் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தாள். புற ஊதா ஒளி பட்டால் தானே மின்சாரம் உண்டாக்கி மீட்டர் முள்ளை நகர்த்தும், பேட்டரியே வேண்டாம். துணியில் வேறு நூல் கலந்திருக்கிறதா என்று பார்க்கப் புற ஊதா விளக்கடியில் நாளெல்லாம் நிற்பவர்களுக்கான காவல் அது.

"நேத்து துள்ளுச்சுங்க்கா. இன்னைக்கு அசையலை. செக்கிங்ல நிக்கற தவசி கீழ போட்டுட்டார்னு ஓனர் சிவராஜ் அதை பீரோவுல வெச்சுப் பூட்டிட்டார், ஆதாரமாம். பதினோரு மணிக்கு சரக்கு வாங்கற பையர் வர்றதுக்குள்ள வேற காரணம் காட்டலைன்னா தவசிக்கு வேலை இல்லைங்கறார்."

செக்கிங் அறையில் எல்லாவற்றின் மேலும் பஞ்சு படிந்திருந்தது. "இந்த ரூம்புலயே குளிச்சிட்டு வந்தது அந்த டியூப்லைட் மட்டுந்தான்" என்றான் முனீஸ். பிறகு தவசியின் செருப்பைக் கவிழ்த்து ஆராய்ந்தான். அது செருப்பாகவே இருந்தது.

"நான் கையால தொடவே இல்லண்ணே" என்றார் தவசி.

அந்தப் புற ஊதா டியூப்லைட்டைப் போட்டார்கள். முனீஸ் குனிந்து தன்னைப் பார்த்து நொந்துபோனான். "புதுசுன்னு வாங்குனேன்க்கா. சொட்டு நீலத்துல முக்குன பழசு கணக்கா மங்கிக் கெடக்கு."

சாரதாமணி அவனையே உற்றுப் பார்த்தாள். "பீரோவுல இருந்து உணரியை எடுத்துட்டு எல்லாரும் வாசலுக்கு வாங்க."

வெயில் பட்டதும் முள் எகிறியது.

"இது பொய் சொல்லலீங்க, விளக்குத்தான் பொய்" என்றாள் சாரதாமணி. "புது வெள்ளை பனியன்ல ஒளிர்ற மருந்து போட்டிருப்பாங்க, புற ஊதாவுல பளீர்னு மின்னோணும், இவனுது மின்னலை. டியூப்புல பஞ்சும் இல்லை, அப்ப இன்னைக்கு மாட்டுனது. யாருங்க மாட்டுனது?"

சிவராஜ் தொண்டையைச் செருமினார். "நாந்தானுங்க. பழசு காலையில போயிருச்சு. மாரியம்மன் நோம்பி அலங்காரத்துக்குக் கட்டுன நீல டியூப்பு ஒண்ணு கெடந்துச்சு. ரெண்டும் நீலந்தானேன்னு..." தவசியின் பக்கம் திரும்பினார். "மன்னிச்சுக்குங்க தவசி."

"விடுங்க மொதலாளி. காலையில பாத்த நூலை எல்லாம் மறுபடி பாக்கணும். அதுக்காவது ஆள் வேணும்ல."

பத்தே முக்காலுக்குச் சரியான விளக்கு வந்தது. முள் துள்ளியது. அனுசுயா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முனீஸின் பனியன் நிலவாக ஒளிர்ந்தது, வயிற்றருகே மட்டும் நான்கு எண்ணெய் விரல்தடங்கள் இருட்டாக நின்றன.

"ஏன் கண்ணு," என்றாள் சாரதாமணி, "அந்தப் பூனை பனியனா போட்டிருந்துச்சு?"