சனிக்கிழமை வரை பொறுக்காத எஞ்சின்

டெலிபோன் பதினோரு முறை அடித்து ஓய்ந்தது.

மறுபடியும் அடித்தது!

டிடெக்டிவ் ராய்ஸ் பெண்டர், வேண்டாத விருந்தாளியைப் பார்ப்பது போல் அதைப் பார்த்தார். ஷூவைக் கழற்றி, வீங்கிய காலை மேஜை மேல் தூக்கி வைத்து முழுசாக நாலு நிமிஷம் கூட ஆகவில்லை. இந்த வாரத்தில் ஏற்கெனவே இரண்டு பிணம். ஒன்று ஏரியில் மூழ்கியது. இன்னொன்று, அதைத் தேடப் போய் மூழ்கியது.

"பெண்டர்..."

"சார்... மார்லா பேசறேன்." டிப்டி மார்லா வாஸ். நாற்பத்திரண்டு வயசு, இரண்டு விவாகரத்து, எதற்கும் பதறாத குரல். "டர்ட்டில் கோவ்ல வெர்னன் டாக்கெட் செத்துக் கிடக்கார். அவரோட கராஜ்ல... அவரோட போட்லயே!"

"எந்த வெர்னன்? ஆறு வருஷமா ஒரே போட்டைக் கட்டிட்டு இருக்காரே, அவரா?"

"அவரேதான். இந்தச் சனிக்கிழமை முதல் தடவையா எஞ்சினை ஸ்டார்ட் பண்றதா இருந்தார். எல்லாருக்கும் அழைப்பு வந்திருக்கே. உங்களுக்கு வரலையா?"

"வந்துச்சு," என்றார் பெண்டர் அலுப்பாக. "இன்னிக்கு வியாழன்தானே?"

"அதான் சார் எனக்கும் இடிக்குது."

பெண்டர் ஷூவைத் தேடினார். ஒன்றுதான் கிடைத்தது. இன்னொன்றை மேஜைக்கு அடியில் குனிந்து எடுப்பதற்குள் முழங்கால் இரண்டு முறை சடக்கென்றது.

ஓசார்க் ஏரிக்கரையில் ஜூன் மாத வெயில் மண்டையைப் பிளந்தது. டாக்கெட் வீட்டு கராஜ் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்து, சரிவில் ஓடித் தெருவுக்கே வந்திருந்தது.

உள்ளே... இருபத்தெட்டு அடி நீள வேகப் படகு!

டிரெய்லர் மேல் உட்கார்ந்திருந்தது. கருஞ்சிவப்புப் பெயின்ட். மூக்கு, குத்தீட்டி போலக் கூர்மை. ஆறு வருஷத்துக்கு முன் கோழிக் கொட்டகையில் அழுகிக் கிடந்த வெறும் படகு ஓடு அது. இன்று முகம் பார்த்துத் தலை சீவலாம். எஞ்சின் மூடியின் மேல் புதுசாக எழுதியிருந்த தங்க எழுத்துகள்: 'எஞ்சின் அமைப்பு: வெர்னன் டாக்கெட்'.

அந்த வெர்னன் டாக்கெட், ஓட்டுநர் சீட்டில் தலை சாய்ந்து கிடந்தார். முகம் செக்கச்செவேல் என்றிருந்தது.

"புகை," என்றார் பெண்டர். "கதவை மூடிட்டு எஞ்சினை ஓட்டினா இந்தக் கலர்தான் வரும். யார் பார்த்தது?"

"சம்சாரம். நோரீன். முதியோர் இல்லத்துல ஆயா வேலை. இன்னிக்கு லீவு. ரெண்டு மணிக்கு மளிகைக் கடைக்குப் போனாங்களாம். நாலு மணிக்கு வந்து பார்த்தா இப்படி. அப்ப எஞ்சின் ஓடலை, கேன்ல இருந்த பெட்ரோல் தீர்ந்து நின்னிருக்கு."

"அக்கம்பக்கம்?"

"எதிர்வீட்டுக்காரர் ரெண்டு பத்துக்கு சத்தம் கேட்டிருக்கார். 'வெர்னுக்குச் சனிக்கிழமை வரை பொறுக்கலை போல'ன்னு சிரிச்சுட்டு, டி.வி. சத்தத்தைக் கூட்டி வெச்சுக்கிட்டாராம்."

பெண்டர் முனகிக்கொண்டே ஏணியில் ஏறிப் படகுக்குள் இறங்கினார். வேகம் கூட்டும் த்ராட்டில் நெம்புகோலைப் பார்த்தார். மூன்றில் ஒரு பங்கு முன்னே தள்ளியிருந்தது. எஞ்சினைப் பார்த்தார். குளிரவைக்கும் ஹோஸ் ஒழுங்காக மாட்டியிருந்தது. குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

கீழே இறங்கிக் குழாயை மூடிவிட்டு, டிரெய்லர் சக்கரத்தின் மேல் உட்கார்ந்தார். பெருமூச்சு விட்டார்.

"விபத்துன்னு எழுதிட்டு வீட்டுக்குப் போயிடலாம்னு பார்த்தேன் மார்லா. கொடுத்து வைக்கலை."

"ஏன் சார்?"

"இந்த ஏரியில முதல் ஸ்டார்ட்டை எவனாவது தனியாப் பண்ணிப் பார்த்திருக்கியா? அது ஊர் கூடி இழுக்கிற தேர்! நாப்பது பேர் நிக்கணும், பீர் பெட்டி திறக்கணும், தீயணைக்கற சிலிண்டரோட ஒருத்தன் தயாரா நிக்கணும், எஞ்சின் உறுமினதும் எல்லாரும் கத்தணும். ஆறு வருஷம் அதுக்காகவே காத்திருந்த ஆள், ரெண்டு நாள் முன்னாடி கதவைச் சாத்திட்டு ஒண்டியா ஸ்டார்ட் பண்ணுவானா? கல்யாணத்துக்கு முந்தின நாளே தாலி கட்டிட்டு வந்து படுத்துக்கிட்ட மாதிரி இருக்கு!"

மறுநாள் காலை மருத்துவ அறிக்கை அவர் சொன்னதைத்தான் சொன்னது. நுரையீரலில் புகை. ரத்தத்தில் தூக்க மாத்திரை... ஒரு குதிரையைச் சாய்க்கும் அளவுக்கு!

"கொலை," என்றாள் மார்லா.

"கொலைதான். ஆனா கொலைகாரனுக்குப் போட் தெரியும். தெரியாதவன் சாவியைத் திருகிட்டு ஓடியிருப்பான். இவன் தண்ணி கொடுத்திருக்கான், பொறுமையா த்ராட்டிலைத் தள்ளி வெச்சிருக்கான். புது கேம்ஷாஃப்ட், அதான் வால்வைத் திறந்து மூடற தண்டு, போட்ட எஞ்சினை முதல் தடவை மெதுவா ஓட விட்டா, அந்தக் கேம் தேஞ்சு நாசமாயிடும். இருபது நிமிஷம் ரெண்டாயிரம் சுத்துக்கு மேலயே வெச்சுப் பழக்கணும். கொலை பண்ற நேரத்துலயும் ஒருத்தனுக்கு எஞ்சின் கெட்டுடக் கூடாதுன்னு மனசு அடிச்சுக்கிட்டிருக்கு. இது போட்காரப் பைத்தியம் பண்ற தப்பு மார்லா. மத்தவனுக்கு வராது."

"அப்ப சம்சாரம் இல்லை. 'என் பொண்டாட்டிக்கு ஸ்பேனருக்கும் ஸ்பூனுக்கும் வித்தியாசம் தெரியாது'ன்னு வெர்னனே ஊர் பூரா சொல்லிச் சிரிப்பார்."

"மிச்சம் யாரு?"

"ரஸ்ஸல் ப்ரூயிட். இருபது வருஷ சிநேகிதன். செவ்வாய்க்கிழமை பார்ல ரெண்டு பேருக்கும் கைகலப்பு. ஆகஸ்ட் வேகப் போட்டியில அந்த போட்டை யார் ஓட்டறதுன்னு சண்டை. வியாழக்கிழமை மத்தியானம் தனியா மீன் பிடிச்சேங்கறான். ஒரு மீன் கூடச் சிக்கலையாம்."

"தூக்க மாத்திரை?"

"முதுகு வலில தூக்கம் வரலைன்னு டாக்டர் அவனுக்கு எழுதிக் கொடுத்திருக்கார். அதே மாத்திரை!"

பெண்டர் கண்ணை மூடிக்கொண்டார். "எல்லாம் இவ்வளவு சரியாப் பொருந்தினா எனக்குத் தூக்கம் வராது. சரி, கிளம்பு."

ரஸ்ஸல் ப்ரூயிட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. டாக்கெட் வீட்டுச் சமையலறையிலேயே இருந்தான். ஆறடி உயரம், அழுது அழுது சிவந்த கண்கள். மேஜை நிறைய அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து வைத்த சாவு வீட்டுச் சாப்பாடு. யாரும் தொடவில்லை.

நோரீன் அடுப்பருகே நின்று காபி போட்டுக்கொண்டிருந்தாள். ஒல்லியான உடம்பு. ஒரு வாரம் படுத்தாலும் தீராத களைப்பு முகத்தில்.

"உட்காருங்க சார்," என்றாள். "காபி?"

"கொடும்மா. கறுப்பா." பெண்டர் நாற்காலியில் சரிந்தார். "ரஸ்ஸல்... உன் மாத்திரை டப்பா எங்கே?"

"இ... இங்கே கராஜ்ல விட்டுட்டேன் சார். போன வாரம். அப்புறம் தேடினேன், காணலை."

"வசதியாப் போச்சு!"

"சார்! வெர்ன் என் கூடப் பொறக்காத பொறப்பு சார்! நானா அவனை..."

"செவ்வாய்க்கிழமை அவன் மூக்குல குத்தினியே, அது யாரு? கூடப் பொறக்காததால குத்தினியா?"

"அது பீர் சார்! புதன்கிழமை மன்னிப்புக் கேட்டேன். அவனும், 'விடுடா மாப்ள, நீயே ஓட்டு, நான் கை காட்டறேன்'னான். சத்தியமா!"

"யாராவது கேட்டாங்களா?"

ரஸ்ஸல் தலையை ஆட்டினான். "இல்லை சார்."

மார்லா இடுப்பிலிருந்து விலங்கை எடுத்தாள். மிசௌரியில் திட்டமிட்ட கொலைக்கு ஆயுள் தண்டனை என்றால் ஆயுள்தான்... வெளியே வருவது சவப்பெட்டியில்! ரஸ்ஸலுக்கு அது தெரியும்.

பெண்டரிடம் ஒரே ஒரு துருப்புச் சீட்டு இருந்தது. பொய்ச் சீட்டு. போட்காரனின் வாயைப் பிடுங்க அது போதும் என்று நினைத்தார்.

"ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ ரஸ்ஸல். நீ பண்ணினது தண்டக் கொலை. எஞ்சினைக் காலைல பிரிச்சுப் பார்த்துட்டோம். கேம் மழுங்கிப் போச்சு! சுத்தமாத் தேஞ்சு, ஆயில் பூரா இரும்புத் தூள். ஆறு வருஷ உழைப்பு பழைய இரும்புக் கடைக்குத்தான் போகணும். முதல் ஸ்டார்ட்டைக் கூட ஒழுங்காப் பண்ணத் தெரியாத முட்டாள் நீ!"

ரஸ்ஸல் பொங்குவான் என்று எதிர்பார்த்தார்.

ரஸ்ஸல் பொங்கவில்லை. முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான். "ஐயோ வெர்ன்... நல்லவேளைடா... இதைப் பார்க்காமலே போயிட்டியே..."

பெண்டருக்குச் சப்பென்று ஆனது. இவன் இல்லை!

அப்போதுதான்...

டமால்!

காபிக் கெட்டில் அடுப்பு மேல் மோதி உருண்டது.

"யார் சொன்னது?"

நோரீன் திரும்பி நின்றாள். அந்தக் களைத்த முகத்தில் இப்போது கனல்!

"எவன் பிரிச்சான் என் எஞ்சினை? எந்த மடையன் சொன்னான் கேம் தேஞ்சுதுன்னு? ஒவ்வொரு முகட்டுக்கும் என் விரலாலயே பசை தடவினேன்! வால்வு ஒண்ணொண்ணையும் மூணு தடவை சரி பார்த்தேன்! ரெண்டாயிரத்து இருநூறு சுத்து! இருபத்தஞ்சு நிமிஷம்! ஒரு நிமிஷம் குறையலை! தோட்டத்துல நின்னு சத்தத்தை நானே கேட்டுக்கிட்டிருந்தேன். ஒரே சுதி! கொஞ்சம் கூடப் பிசிறலை! அது எப்படித் தேயும்?"



மார்லாவின் கையிலிருந்த விலங்கு மெல்லத் திசை மாறியது.

"மளிகைக் கடையில நின்னாத் தோட்டத்துச் சத்தம் கேக்குமாம்மா?" என்று கேட்டார் பெண்டர். ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

நோரீன் அவரைப் பார்த்தாள். தன் கைகளைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்பாடா," என்றாள்.

ரஸ்ஸல் வாய் பிளந்தான். "நோரீன்... நீயா? எஞ்சினைக் கட்டினது... வெர்ன் இல்லையா?"

"அவனா? டார்ச் அடிப்பான். அதுவும் தப்பான பக்கம். இன்னொரு கையில பீர்." அவள் குரல் தணிந்துவிட்டது. "எங்கப்பா இழுவைப் படகு மெக்கானிக் ரஸ். பத்து வயசுல கார்புரேட்டர் பிரிச்சவ நான். ஆறு வருஷம்... வேலை முடிச்சு வந்து, கிழவங்களைத் தூக்கித் தூக்கி ஒடிஞ்ச இடுப்போட, அந்தக் கராஜ்ல நின்னேன். வெளியில சொல்லக் கூடாதும்பான். 'ஆம்பளைங்க சிரிப்பாங்க'ம்பான். சரின்னு இருந்தேன். எனக்கு அந்த எஞ்சின் போதும்னு இருந்தேன்."

"அப்புறம்?"

"புதன்கிழமை பெயின்டர் வந்தான். மூடி மேல தங்கத்துல பேர் எழுதினான். வெர்ன் பேர்! 'என் பேரைச் சின்னதாவாவது போடு'ன்னேன். சிரிச்சான் சார். 'சனிக்கிழமை நீ கராஜ் பக்கமே வராதே. நாப்பது பேருக்கு உருளைக்கிழங்கு சாலட் பண்ணு, அது போதும்'னான். நான் கட்டின எஞ்சினோட முதல் சத்தத்தை, நான் கிழங்கு தோலுரிச்சுக்கிட்டே கேக்கணும்!"

நோரீன் ரஸ்ஸல் பக்கம் திரும்பினாள்.

"நீ விட்டுட்டுப் போன மாத்திரை கராஜ் அலமாரியில இருந்தது. பீர்ல போட்டேன், அந்த சீட்லயே உக்காந்து குடிச்சுட்டுத் தூங்கினான், கதவைச் சாத்தி எஞ்சினைக் கிளப்பினேன். உன்னை மாட்டிவிடணும்னு இல்லை ரஸ். விபத்துன்னு போயிடும்னு நினைச்சேன். முதல் சத்தத்தை நான் தனியாக் கேட்டேன். அது எனக்குச் சேர வேண்டியது." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப அந்த கேம்..."

பெண்டருக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. வலையை ஒருவனுக்கு வீசி, வேறொருத்தியைப் பிடித்திருக்கிறார். அதுவும் அவள் பெருமையைத் தூண்டிலாகப் போட்டு!

"எஞ்சினை யாரும் பிரிக்கலைம்மா. நான் விட்ட புருடா அது."

நோரீன் அவரையே பார்த்தாள். கோபம் வரவில்லை. முகம் மலர்ந்தது.

"அப்ப நல்லாத்தான் இருக்கும்," என்றாள், கையை மார்லாவிடம் நீட்டியபடி.

ரஸ்ஸலை வாசல்படியிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். அவன் தப்பித்ததற்கு அழுதானா, நண்பனுக்கு அழுதானா என்று அவனுக்கே தெரியவில்லை.

மார்லா போலீஸ் காரை ஸ்டார்ட் செய்தாள். இருமியது. குலுங்கியது. பிறகு ஒரு வழியாகப் பிடித்துக்கொண்டது.

பின்சீட்டில், விலங்கோடு, நோரீன் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தாள்.

"மூணாவது சிலிண்டர் அடிக்கலை சார். நல்ல மெக்கானிக்கிட்ட காட்டுங்க."

பெண்டர் அலுப்பாகத் திரும்பிப் பார்த்தார்.

"இந்த ஊர்ல நல்ல மெக்கானிக் ஒருத்திதான்மா. அவளையும் இப்பத்தான் அரெஸ்ட் பண்ணித் தொலைச்சேன்!"