உறையின் உட்பக்கம்

காரின் பச்சை நிறம் ஓரிடத்தில் மட்டும் மறைந்து மறைந்து தெரிந்தது.

படிக்கட்டு திரும்பும் இடத்திலிருந்த சன்னல் வழியாகக் கீழே ஷெட்டைப் பார்த்துக்கொண்டிருந்த பல் டாக்டர், முதலில் அதைத் தன் கண்ணின் கோளாறு என்றுதான் நினைத்தார். காலையிலிருந்து ஊளையிட்டுக்கொண்டிருந்த காற்று, மாலை ஆவதற்குள் வானத்தையே கரியாக்கிவிட்டிருந்தது. மின்சாரம் எப்போதோ போய்விட்டது. தெருக்கோடிக் கால்வாய் நிரம்பி, சாக்கடையும் அழுகிய இலையும் கலந்த வாடை கதவிடுக்கு வழியாக வீட்டுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. கீழே, மங்கலாக உள்ளே தெரியும் தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் உச்சி முதல் சக்கரம் வரை பொதிந்து, ஷெட்டின் தூண்களோடு கயிற்றால் பிணைக்கப்பட்டு நின்றது அவருடைய கார். அதன் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், ஓர் ஆள் குந்தி உட்கார்ந்தால் வாய் இருக்கும் உயரத்தில், உறையின் உட்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்தது. பிறகு தெளிந்தது. மறுபடி வெளுத்தது.

ஈரக்காற்று, என்று சொல்லிக்கொண்டார். உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம். வேறென்ன?

அவர் பிறப்பதற்கு முன்பே ஓடத் தொடங்கிய கார் அது. யாரோ ஒருவருடைய கிடங்கில் கோழி அடைந்துகிடந்ததை வாங்கி வந்து, ஒவ்வொரு திருகாணியாகத் தேடிப் பூட்டி, இருக்கைக்குத் தோல் தைத்து, பளபளவென்று ஆக்கியிருந்தார். அவர் மனைவி அதை 'என் சக்களத்தி' என்றுதான் சொல்வாள். மழை தூறினால், "சக்களத்திக்குச் சளி பிடிச்சுக்கப் போகுது, போய்ப் போர்த்திட்டு வாங்க" என்பாள். புயல் காலம் வந்துவிட்டால் அவருக்குத் தூக்கம் போய்விடும். அதற்காகத்தான் இந்த வருடம் இந்த உறை. காரை அதற்குள் ஓட்டி நிறுத்தி, சுற்றி மூடி, ஜிப்பை இழுத்துவிட்டால் சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. வெள்ளம் ஏறினாலும் படகுபோல் மிதக்கும் என்று விற்றவன் சொன்னான்.

காலையில் அதை விரித்துக்கொண்டிருந்தபோதுதான் கொக்கு வந்து நின்றான். தெருவுக்குக் காவல் இருப்பவன். நெடுநெடுவென்ற உயரம், குச்சிக் கால்கள், அதனால் அந்தப் பெயர். காரைக் கழுவித் துடைப்பதும் அவன்தான்.

"சார், கேபின் தகரம் ஒரேயடியா ஆடுதுங்க. காத்து அடங்குற வரைக்கும் உங்க ஷெட்ல ஒரு ஓரமா உக்காந்துக்கட்டுமா?"

"இடம் எங்கப்பா இருக்கு? உறையைப் போட்டுட்டா நிக்கக்கூட முடியாது. நீ பீடி வேற பிடிப்ப. ஒரு பொறி பட்டாப் போதும், அவ்வளவுதான்."

"பிடிக்க மாட்டேன் சார்."

"ஸ்கூல்ல முகாம் போட்டிருக்காங்கல்ல, அங்க போயிடு. சாப்பாடும் குடுப்பாங்க."

கொக்கு தலையாட்டினான். போகிறபோது குனிந்து, உறையில் மடங்கியிருந்த ஓர் ஓரத்தை நீவிச் சரிசெய்துவிட்டுப் போனான். வீட்டுக்குள் மாடியில் ஓர் அறை காலியாகக் கிடக்கிறது என்பது டாக்டருக்கு அப்போதே நினைவுக்கு வந்தது. கூப்பிட வாயெடுத்தார். கூப்பிடவில்லை.

அதன்பிறகு சன்னல்களை அடைக்க மனைவி அழைத்தாள். உறை வெகுநேரம் திறந்தே கிடந்தது. அவர் திரும்பி வந்தபோது மழை சாய்த்து அடித்துக்கொண்டிருந்தது. அவசர அவசரமாக ஜிப்பை இழுத்தார். குனிந்து உள்ளே பார்க்கவில்லை.

இப்போது அதுதான் நினைவுக்கு வந்தது. அந்த நேரத்தில் அவன் உள்ளே புகுந்திருந்தால்?

"ஏங்க, கொக்கு எங்க போனான்?" மாடியிலிருந்து மனைவி கேட்டாள். "அவன் கேபின் கவுந்து கெடக்கு பாருங்க."

"முகாமுக்குப் போயிருப்பான்."

"நீங்க பாத்தீங்களா?"

"போறேன்னு சொன்னான்." அவன் அப்படிச் சொல்லவில்லை. வெறுமனே தலையாட்டினான்.

கேட்டுக்கு அடியில் புகுந்த தண்ணீர் ஷெட்டுக்கு வந்து, கூடத்துக்கும் வந்தது. செருப்புகள் மிதந்தன. மனைவி அரிசியையும் மருந்தையும் மாடிக்கு ஏற்றினாள். அவர் சன்னலை விட்டு நகரவில்லை. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. காற்றின் இரைச்சலுக்கு அடியில், மெத்தையைத் தட்டுவதுபோல, மந்தமாக. டொப். சற்று விட்டு, டொப்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினார். தண்ணீர் முழங்காலுக்கு மேல், எதிர்பாராத குளிர்ச்சி. ஷெட்டுக்குள் புதுப் பிளாஸ்டிக்கின் வாடையும் பெட்ரோல் வாடையும் அடைத்துக்கொண்டு நின்றன. உறையருகே போய்க் காதை வைத்தார். தண்ணீர் உரசும் ஓசை. கயிறு முனகும் ஓசை. அவற்றுக்குப் பின்னால், மிக அருகில், யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"கொக்கு?"

சத்தம் நின்றது.

"டேய், கொக்கு! உள்ள இருக்கியா?"

அவர் காது பதிந்திருந்த இடம் உள்ளிருந்து மெல்லச் சூடேறியது.

பின்பக்கம் ஓடி ஜிப்பின் பிடியைத் தண்ணீருக்குள் துழாவினார். கையில் கிடைத்தது. இழுத்தால் போதும். இழுத்தால், இந்தக் கறுப்புத் தண்ணீர் முழுவதும் உள்ளே பாயும். தோல் இருக்கைகள். மரப் பலகை. எஞ்சின். இத்தனை வருடமும் ஒரு நொடியில் சேறாகிவிடும். அவர் விரல்கள் பிடியின்மேல் இருந்தன. உறைக்குள் நிறையக் காற்று இருக்கிறது என்று மனம் கணக்குப் போட்டது. அவன் ஒல்லியான ஆள்தானே, தாங்கும். தண்ணீர் வடிந்ததும் திறந்துவிடலாம். ஒருவேளை அவன் உள்ளே இல்லவே இல்லாமலும் இருக்கலாம். நல்ல நல்ல காரணங்கள், ஒன்றன்பின் ஒன்றாக, கேட்காமலே வந்து நின்றன.

விரல்களை எடுத்துவிட்டார்.

படியேறும்போது பின்னால் தட்டினார்கள். கோபமாக அல்ல. பொறுமையாக.

"என்ன சத்தம் அது?" மனைவி மெழுகுவத்தியோடு நின்றாள்.

"கயிறு. தூண்ல இடிக்குது."

 அவர் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். பொத்தியும் கேட்டது. தன் நெஞ்சுதான் அடித்துக்கொள்கிறதோ என்று கையை வைத்துப் பார்த்தார். இல்லை. நெஞ்சு வேறு தாளத்தில் அடித்தது.

மனைவியின் கைப்பேசி ஒலித்தபோது துள்ளி எழுந்தார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, நான் கொக்கு பேசுறேன். ஸ்கூல்ல இருக்கேன், இங்க ஒரு டீச்சர் போன்ல இருந்து. தெருவெல்லாம் முங்கிடுச்சாமே? நீங்க ரெண்டு பேரும் மாடிக்கு வந்துட்டீங்களா?"

"வந்துட்டோம்பா. நீ நல்லா இருக்கியா?"

"இருக்கேம்மா. சார் வண்டி பத்திரமா இருக்கா?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தார். நிறுத்த முடியவில்லை. சிரிப்பு எப்போது அழுகையானது என்று அவருக்கே தெரியவில்லை. தோள் குலுங்கியது.

"ஏங்க, என்னாச்சு? எதுக்கு அழறீங்க?"

"அவன் உறைக்குள்ள மாட்டிக்கிட்டான்னு நினைச்சேன். யாரோ செருமினது கேட்டுச்சு. தட்டுற சத்தம் கேட்டுச்சு."

"கீழ போனீங்களே, அப்பவா?"

"ஆமா."

மெழுகுவத்திச் சுடர் ஆடியது. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருடமாகப் பார்த்த முகத்தில் புதிதாக ஏதோ முளைத்திருப்பதைப் பார்ப்பதுபோல.

"உள்ள ஒரு உயிர் இருக்குன்னு நினைச்சும், திறக்காமலா வந்தீங்க?"

 அவள் ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். அதை அவள் வேண்டுமென்று செய்யவில்லை என்பதுதான் அவரை அறுத்தது.

டொப்.

இந்த முறை அவளுக்கும் கேட்டது. கயிறு இல்லை என்று அவளுக்கும் தெரிந்தது.

"அவன் ஸ்கூல்ல இருக்கானே," என்றாள். குரல் உடைந்திருந்தது. "அப்போ அது யாரு?"

டொப். டொப்.

"யாரா இருந்தா என்ன? போய்த் திறங்க."

இறங்கினார். தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. டார்ச்சைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, மறுகையால் சுவரைப் பற்றிப் பற்றி நகர்ந்தார். உறை மிதந்துகொண்டிருந்தது. விற்றவன் பொய் சொல்லவில்லை. கயிறுகளை இழுத்தபடி, தூங்குகிறவனின் நெஞ்சுபோல ஏறி இறங்கியது. ஜிப்பின் பிடி இப்போது தண்ணீருக்கு மேலே, அவர் கண்ணெதிரே இருந்தது. திறந்தால் ஒரு சொட்டுகூட உள்ளே போகாது.

தட்டுவது நின்றது.

"இருங்க. திறந்துடறேன். மன்னிச்சிடுங்க. இதோ திறந்துடறேன்."

யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமலே சொன்னார். இழுத்தார். ஜிப் பல் பல்லாக விட்டுக்கொடுத்தது. ஒரு சாண் திறந்தது. உள்ளிருந்து வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது. நெருக்கியடித்துப் பலர் தூங்கும் அறையின் காற்று.

பிறகு அந்தக் கை வந்தது.

வெளுத்த கை. நெடுநாள் நீரில் ஊறியதுபோல் தோல் சுருங்கியிருந்தது. அது அவரைப் பிடிக்கவில்லை, இழுக்கவில்லை. ஜிப்பின் மேலிருந்த அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கியது. மென்மையாக. மரியாதையாக. பிடியை எடுத்துக்கொண்டது. உள்ளே போனது.

ஜிப் உள்ளிருந்து மூடிக்கொண்டது.

"ஏங்க?" மேலே மனைவியின் குரல். "யாருங்க உள்ள? ஏங்க, பேசுங்களேன்!"

தண்ணீர் கழுத்தைத் தொட்டது. அவர் டார்ச்சைத் திருப்பினார். உறையின் உட்பக்கம் முழுக்க, மேலிருந்து கீழ் வரை, உள்ளங்கைகள். பெரியவை. கிழடு தட்டியவை. தண்ணீர் மட்டத்துக்கு அருகே, மிகச் சின்னவை. எல்லாம் பிளாஸ்டிக்கோடு ஒட்டி, விரல் விரித்து, அசையாமல்.

ஒன்றுகூடத் தட்டவில்லை. அவர் உள்ளே வந்துவிடாதபடி அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தன.