கத்திரிக்காய்த் திமிங்கிலம்

வாய்க்குப் போன பிஸ்கட் பாதி வழியில் நின்றுவிட்டது. அம்மாவின் கடை மேசைமேல் கிடந்த தாளைப் பார்த்ததும் குண்டூசிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதில் இருந்தது அவளுடைய திமிங்கிலம்!

ஆள் ஒல்லி, பேச்சு மட்டும் சுருக்கென்று குத்தும். அதனால்தான் வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர். தான் வரையும் படங்களின் மூலையிலும் அதையே எழுதி வைப்பாள்.

சந்தேகமே இல்லை. அதே நீலம், அதே சிவப்புக் குடை. அக்காவிடம் கெஞ்சிக் கூத்தாடி அந்தப் படத்தை இணையத்தில் போட வைத்திருந்தாள். மறுநாளே 'விசில்' என்ற பெயரில் யாரோ கீழே எழுதியிருந்தார்கள்: "திமிங்கிலமா இது? கத்திரிக்காய்க்கு எதுக்குக் குடை?" அதற்கு ஊரே விழுந்து விழுந்து சிரித்திருந்தது.

குண்டூசி அழுது தீர்த்தாள். படத்தை அழிக்கச் சொன்னாள். வண்ணப் பென்சில்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். அம்மாவிடம் மூச்சுவிடவில்லை.

அழித்த படம் கடைக்கு எப்படி நடந்து வந்தது?

"எங்க ஃபுட்பால் டீம் பனியன்ல இதைத்தான் அடிக்கணும்" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார் ஒரு பயிற்சியாளர்.

பனியனில் படம் அச்சடிப்பது அம்மாவின் தொழில். யாருடைய படம் என்று தெரியாமல் மையைத் தொடமாட்டாள்.

"நல்லா இருக்கே! யார் சார் வரைஞ்சது?"

"யாருக்குத் தெரியும்? நெட்ல கிடந்துச்சு, அப்பவே எடுத்து வச்சுக்கிட்டேன். மூலையில குண்டூசின்னு போட்டிருந்தது. ஏதோ கடை விளம்பரம்னு நினைச்சு வெட்டிட்டேன்."

அம்மா சட்டென்று திரும்பி மகளைப் பார்த்தாள். குண்டூசிக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. பேசாமல் இருந்தால் ஒரு டீம் முழுக்க அவள் படத்தைப் போட்டுக்கொண்டு திரியும், அவள் பெயர் மட்டும் குப்பைத்தொட்டியில் கிடக்கும்.

"அது விளம்பரம் இல்ல சார். நான்தான்."

"யாரு?"

"குண்டூசி. அது என் படம். நீங்க வெட்டினது என் பேரு!"

அவர் நம்பாமல் சிரித்தார். குண்டூசி கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குள் ஓடி, தான் வரைந்த தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். பயிற்சியாளரின் சிரிப்பு காணாமல் போனது.

"ஐயையோ! சின்னப் பொண்ணு வரைஞ்சதா? தெரியாம நான் வேற..." என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். அவர் கழுத்தில் ஒரு விசில் தொங்கியது.

குண்டூசி அதைச் சுட்டிக் காட்டினாள். "அந்த விசில்... நீங்களா?"

"ஆமாம்மா. சிரிப்பு வந்துச்சு, எழுதிட்டேன். யாரோ பெரியவங்க வரைஞ்சதுன்னு நினைச்சேன்."

"பெரியவங்களுக்கு மட்டும் வலிக்காதா சார்?"

பயிற்சியாளர் தலையைச் சொறிந்தார். "வலிக்கும்தான். தப்புதான்மா, மன்னிச்சுக்கோ."

"பிடிக்காத படத்தை எதுக்குப் பனியன்ல போடறீங்க?"

"பிடிக்காமலா? பசங்ககிட்ட காட்டினேன். இதுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னாங்க. டீமுக்கே 'கத்திரிக்காய்'னு பேர் வச்சுட்டாங்க!"

அம்மா களுக்கென்று சிரித்துவிட்டாள். குண்டூசிக்கு அழுவதா சிரிப்பதா என்று புரியவில்லை. அந்தப் படத்தை விரும்புகிறவர்களும் இருக்கிறார்களா!

படத்தை அவர் முன்னால் தள்ளினாள். "கோவிச்சுக்க மாட்டேன், சொல்லுங்க. எது கத்திரிக்காய் மாதிரி இருக்கு?"

அவர் பயந்து பயந்து விரலை வைத்தார். "வால்தான்மா. விரிஞ்சு இருக்கணும். இது காம்பு மாதிரி சுருங்கிப் போச்சு."

குண்டூசி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். அட, காம்பேதான்! இத்தனை நாள் அழுததில் வாலைப் பார்க்கவே இல்லையே! இப்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கட்டிலுக்கு அடியிலிருந்து பென்சில்களை எடுத்துவந்தாள். பயிற்சியாளர் பதறிப்போனார்.

"வாலை மாத்திடாதம்மா! பசங்க என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாங்க."

"பயப்படாதீங்க சார். இதுக்கு இந்த வால்தான். அடுத்த திமிங்கிலத்துக்கு விரிச்சு வரையறேன்."

அவர் கொண்டுவந்த தாளில், திமிங்கிலத்துக்குக் கீழே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை 'குண்டூசி' என்று எழுதினாள்.

"இவ்வளவு பெருசாவா?" என்றார் பயிற்சியாளர்.

"சின்னதா எழுதினா வெட்டிடறீங்களே சார்!"