துரை அறையின் பங்கா

காற்று ஒரு துளியும் இல்லை. ஆனாலும் பங்கா ஆடியது.

மின்சாரம் போய்விட்ட அந்தி நேரம். மழைக்கு முந்தைய புழுக்கத்தில் மூச்சுத்திணறலோடு கிடந்த மகளை, இருப்பதிலேயே குளிர்ச்சியான இடமென்று துரையின் படுக்கையறைக்கு அவள் தூக்கி வந்திருந்தாள். வெள்ளைக்காரத் துரை ஒருவன் வாழ்ந்து, இப்போது பார்வையாளர்களுக்காகப் பாதுகாக்கப்படும் பங்களா அது. அவள் கணவன் அங்கே காவலாளி. அண்ணாந்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில் கூரை, சுண்ணாம்பும் பழைய மரமும் ஈரத்தில் ஊறிய வாடை, கட்டிலுக்கு மேலே உத்தரத்திலிருந்து தொங்கும் நீண்ட துணித்தட்டி. அதுதான் பங்கா, கயிற்றை இழுத்தால் வீசும் விசிறி. அதன் கயிறு சுவரிலுள்ள ஓட்டை வழியாகப் பின்பக்கத்து இடுக்குக்குப் போகும். அந்தக் காலத்தில் ஒருவன் அங்கே உட்கார்ந்து, கயிற்றைக் கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டு, தூங்காமல் காலை ஆட்டிக்கொண்டே இருப்பானாம். அவன் முகம் துரையின் கண்ணில் படக்கூடாதென்றே எழுப்பிய சுவர்.

புதுக்கயிறு மாட்டியது அவள் கணவன்தான். "சும்மா தொங்குனா பாக்குறவங்களுக்கு என்ன புரியும்?" என்று, மறுமுனையை அந்த இடுக்கிலேயே ஓர் ஆணியில் முடிந்திருந்தான்.

"என்னங்க, போதும். கால் வலிக்கப் போகுது," என்றாள் சுவரைப் பார்த்து. மருந்து வாங்கப் போனவன் திரும்பிவிட்டான் போலும்.

உத்தரம் முனகியது. காற்று இதமாக வந்தது. மகளின் திணறல் அடங்கி, இமைகள் மூடின.

வாசல் கதவு திறந்தது. கையில் மருந்துப் பையோடு கணவன்.

"துரை மக மாதிரியில்ல தூங்குறா! யாரும்மா இழுக்கறது, உன் தம்பி வந்திருக்கானா?"

"அப்போ... நீங்க இல்லையா?"

அவன் சிரிப்பு உதட்டிலேயே காய்ந்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். செருப்புச் சத்தம் சுவரோரமாகத் தேய்ந்து போய், நின்றது.

பங்காவும் நின்றது.

மகளின் மூச்சும்.

உதடுகள் நீலம் பாய்ந்தன. தோளைப் பிடித்து உலுக்கினாள். அசைவில்லை.

"இழு!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள். "யாரா இருந்தாலும் சரி, நிறுத்தாத! இழு!"

சுவரை உள்ளங்கையால் அறைந்தாள்.

பிறகு உத்தரம் முனகியது. மகள் மூச்சை இழுத்து விட்டாள். ஆனால் தாளம் மாறியிருந்தது. தடுமாறும் தாளம். பழகாத கால்.

"என்னங்க?"

"அவுக்க வரலம்மா," என்றது ஓட்டைக்கு மிக அருகில் கணவனின் குரல். "விரல் அறுபடுது. கயித்த அறுத்து விடு. சீக்கிரம்."

மண்டியிட்டு ஓட்டையில் கண்ணை வைத்தாள். தரையில் உருண்டு கிடந்த டார்ச்சின் வெளிச்சத்தில் அவன் கால் ஆடிக்கொண்டிருந்தது. கயிறு எலும்புவரை இறங்கியிருந்தது. அவனுக்குப் பக்கத்தில் யாருமில்லை. நெடுநாள் யாரோ உட்கார்ந்து எழுந்துபோன இடம் மட்டும், வியர்வை ஈரத்தோடு.

கத்தி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, மகளுக்கு நறுக்கிய பழத்தட்டில்.

எடுத்தாள்.

ஓட்டைக்கு அப்பால் அவன் கால் தளர்ந்தது. மகளின் நெஞ்சும் தளர்ந்தது.

கத்தியை மெதுவாகக் கீழே வைத்தாள். ஓட்டையில் வாயை வைத்தாள்.

"இழு," என்றாள்.

சுவரின் இந்தப் பக்கம், காற்று சுகமாக வந்தது.